திறந்தது ஒரு பெட்டி, சீல் கிழிந்தது வேறு பெட்டி

நுகர்வோர் சட்டம்: வாசகர் கேள்விக்கு வழக்கறிஞரின் பதில்

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தந்தை ஏழு பக்கங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சாரத்தை மட்டும், அடையாளங்களை நீக்கி, இங்கே தருகிறேன்.

பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த மகனுக்கு, சொன்ன வாக்கைக் காப்பாற்ற, 2024 அக்டோபர் 24 அன்று, தீபாவளிக்கு முந்தைய வாரம், திருநெல்வேலியில் உள்ள ஒரு கடையில் 54,990 ரூபாய்க்குக் கேம் கன்சோல் வாங்கினார். வாரன்ட்டி ஓராண்டு. தவணைச் சலுகைக்காக மைத்துனரின் கிரெடிட் கார்டைப் பயன்படுத்தியதால் பில் மைத்துனர் பெயரில் இருக்கிறது. 2025 மே மாதம், விளையாடத் தொடங்கிய இருபது நிமிடத்தில் கன்சோல் சூடாகி, தானாகவே அணைந்துபோகத் தொடங்கியது. மே 19 அன்று சர்வீஸ் சென்டரில் கொடுத்தார். இருபத்து மூன்று நாள் கழித்து, "சோதிக்கப்பட்டது, குறை காணப்படவில்லை" என்ற குறிப்புடன் திரும்பி வந்தது. ஜூலையில் அதே கோளாறு. இம்முறை ஐந்து வாரம் ஆயிற்று. ஆகஸ்ட் நடுவில் கைக்கு வந்தபோது மகன் சேமித்து வைத்திருந்த விளையாட்டுப் பதிவுகள் ஒன்றுகூட அதில் இல்லை. செப்டம்பரில் மீண்டும் அணையத் தொடங்கியது. 29ஆம் தேதி மூன்றாவது முறையாக ஒப்படைத்தார். நவம்பர் 11 அன்று மின்னஞ்சல் வந்தது: எச்டிஎம்ஐ போர்ட் (டிவி கேபிள் செருகும் துளை) சேதமடைந்துள்ளது, சீல் கிழிக்கப்பட்டுள்ளது, ஆகவே வாரன்ட்டி செல்லாது, வாரன்ட்டிக் காலமும் முடிந்துவிட்டது, பழுதுபார்க்க 21,500 ரூபாய் கட்ட வேண்டும், இல்லையேல் முப்பது நாட்களுக்குள் பொருளை எடுத்துச் செல்ல வேண்டும்.

"எடுத்து வந்தால் அவர்கள் சொன்னதை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமா? மூன்று முறை பழுதானால் புதிய பெட்டி தர வேண்டும் என்பது சட்டம்தானே? ஐந்து லட்சம் நஷ்ட ஈடு கேட்கலாம் என்கிறார் நண்பர். போலீசில் மோசடிப் புகார் கொடுக்கலாமா?" என்றெல்லாம் கேட்கும் அவர், கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், மறைக்க மனமில்லாதவராக, ஒரு வரியைச் சேர்த்திருக்கிறார்: "ஏப்ரல் மாதம் தூசி தட்டுவதற்காக என் மகன் பக்கவாட்டு மூடியைக் கழற்றினான். குற்றம் எங்கள் பக்கம்தானோ என்று உறக்கம் வரவில்லை."

அன்புள்ள ஐயா,

அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் உங்கள் வழக்கின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. கடிதத்துடன் நீங்கள் இணைத்திருந்த மூன்று ஜாப் ஷீட் (பொருளைப் பெறும்போது சர்வீஸ் சென்டர் எழுதித் தரும் தாள்) நகல்களையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். முதலாவதிலும் இரண்டாவதிலும் உள்ள சீரியல் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் ஒன்றே. மூன்றாவதில் அவை வேறு. இரண்டாவது தாளின் அடியில், கார்பன் மங்கிய எழுத்தில், "யூனிட் மாற்றப்பட்டது" என்று ஒரு சிறு குறிப்பும் இருக்கிறது. அதாவது ஆகஸ்ட் மாதம் உங்கள் வீட்டுக்கு வந்தது நீங்கள் வாங்கிய பெட்டியே அன்று. உங்கள் மகனின் பதிவுகள் காணாமற்போனதற்கும் அதுவே காரணம், அவை பழைய பெட்டியோடு போய்விட்டன. உங்கள் மகன் ஏப்ரலில் திறந்தது முதல் பெட்டி. சீல் கிழிந்திருக்கிறது என்று அவர்கள் நவம்பரில் சொல்வது, அவர்களே மூடி, அவர்களே ஒட்டி, அவர்களே அனுப்பிய இரண்டாவது பெட்டி. இரண்டையும் ஒன்றாக எண்ணி நீங்கள் உறக்கம் இழந்திருக்கிறீர்கள். அவர்களும் அப்படி எண்ணித்தான் அந்த மின்னஞ்சலை எழுதினார்களோ என்னவோ.

ஒன்று மட்டும் செய்யுங்கள். ஆகஸ்டுக்குப் பிறகு இரண்டாவது பெட்டியையும் திறந்தானா என்று மகனிடம் அதட்டாமல், தனியாக ஒருமுறை கேளுங்கள். திறந்திருந்தாலும் வழக்கு போய்விடாது. சில கன்சோல்களில் வெளிமூடி, சேமிப்பகத்தைக் கூட்டவும் தூசியை உறிஞ்சவும் பயனாளரே கழற்றுவதற்கென்று வடிவமைக்கப்பட்டதுதான். கழற்றும் முறையைக் கையேடே படம் போட்டுச் சொல்கிறது. வாரன்ட்டியைப் பாதிக்கக்கூடியது அதற்கும் உள்ளே இருக்கும் திருகுகளின் மேல் ஒட்டப்பட்ட சீல். உங்கள் கையேட்டில் அந்தப் பக்கம் இருந்தால் நகலெடுத்து வையுங்கள். ஆனால் உண்மை எதுவோ அதையே மனுவில் எழுத வேண்டும். பிரமாணத்தில் ஒரு பொய் வெளிப்பட்டால் மற்ற உண்மைகளுக்கும் மதிப்பிருக்காது.

முதலில் பெட்டியை எடுத்து வாருங்கள்

இந்தப் பதில் உங்கள் கண்ணில் படும்போது அந்த முப்பது நாள் கெடு முடியும் தறுவாயில் இருக்கும். ஆகவே மற்ற எதற்கும் முன்னால் இதைச் செய்யுங்கள். பொருளைத் திரும்பப் பெறுவது, அவர்கள் சொன்ன காரணத்தை ஏற்பதாகாது. எழுதாமல் பெற்றால்தான் பின்னால் அப்படி வாதிட இடம் கொடுத்ததாகும். டெலிவரி சீட்டில் கையெழுத்துக்கு மேலே, உங்கள் கையாலேயே, "பழுது நீக்கப்படாத நிலையில், ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன். போர்ட் சேதமும் சீல் கிழிப்பும் என்னால் நேர்ந்தவை அல்ல" என்று எழுதி, தேதியிட்டு, கையெழுத்திடுங்கள். எழுத விடமாட்டேன் என்று கவுன்ட்டரில் மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். வெளியே வந்தவுடன் அதே வாசகத்தை அவர்கள் மின்னஞ்சலுக்குப் பதிலாக அனுப்பிவிடுங்கள்.

பெட்டியை அங்கேயே, பையில் போடும் முன், நான்கு புறமும் படம் எடுங்கள். சீரியல் எண் உள்ள அடிப்பகுதி, எச்டிஎம்ஐ போர்ட்டின் உட்புறம், சீல் இருக்கும் இடம் ஆகிய மூன்றும் நெருக்கமான படங்களாக வேண்டும். போர்ட்டுக்குள் செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தால் வளைந்த பின்கள் தெரியும், தெரியவில்லை என்றால் அதுவும் ஒரு செய்திதான். வீட்டுக்கு வந்தபின் மின்சாரத்தில் செருகாதீர்கள். முக்கியமாக, நயினார்குளம் சாலையில் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இரண்டாயிரம் ரூபாயில் சரிசெய்து தருவதாகச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அவரிடம் இப்போது கொடுக்காதீர்கள். அவர் கைதேர்ந்தவராகவே இருக்கலாம். ஆனால் அவர் திருகைத் தொட்ட நொடியில், நிபுணர் ஆய்வு செய்ய வேண்டிய சான்றுப் பொருள் கலைந்துவிடும்.

21,500 ரூபாயைக் கட்டிப் பழுதுபார்க்கச் சொல்லி, பிறகு அதைத் திருப்பிக் கேட்டு வழக்குத் தொடுப்பது இன்னொரு வழி. பொருள் உடனே தேவைப்படும் தொழில்களில் இருப்பவர்களுக்கு அந்த வழியைச் சொல்வேன். உங்கள் நிலையில் அது வேண்டாம். மாற்றப்படும் பாகத்தோடு ஆதாரமும் போய்விடும்.

"குறை காணப்படவில்லை" என்றால் என்ன?

முதல் முறை அவர்கள் எழுதியது பொய் என்று நீங்கள் கொதித்திருக்கிறீர்கள். பொய்யாக இருக்க வேண்டிய அவசியமில்லை. கன்சோலின் மையச் சில்லு கணிப்புக்கும் காட்சிக்கும் சேர்த்து வேலை செய்வதால் கடுமையாகச் சூடாகும். அந்தச் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகளுக்கு (ஹீட் சிங்க்) கடத்தும் பூச்சு காய்ந்தாலோ, காற்றாடி வேகம் குன்றினாலோ, சில்லுக்கு அடியிலுள்ள ஈயப்பற்று இணைப்புகளில் நுண்ணிய விரிசல் விழுந்தாலோ, கோளாறு சூடேறிய பின்னரே தலைகாட்டும். குளிரூட்டப்பட்ட பட்டறை மேசையில் பத்து நிமிடம் முகப்புத் திரையை மட்டும் ஓட்டிப் பார்த்தால் எதுவும் தெரியாது. எத்தனை நிமிடம், எந்த விளையாட்டை ஓட்டிச் சோதித்தார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால், வராததையே நுகர்வோர் ஆணையத்தில் சுட்டிக்காட்டலாம்.

"வேறு யாருக்கும் இப்படி ஒரு புகார் இல்லை" என்று தொலைபேசியில் சொன்னார்களாம். உலகம் முழுவதும் கன்சோல் வாங்கியவர்கள் கேட்டுப் பழகிய வாசகம் அது. எக்ஸ்பாக்ஸ் 360 கருவியில் மூன்று சிவப்பு விளக்குகள் எரிந்து செயலிழக்கும் கோளாறு பெருகியபோது, 2007 ஜூலையில் மைக்ரோசாப்ட் அந்தக் கோளாறுக்கு மட்டும் வாரன்ட்டியை மூன்றாண்டாக நீட்டி, அதற்கென நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்க வேண்டியிருந்தது. நின்டென்டோ ஸ்விட்ச் கன்சோலின் ஜாய்கான் என்ற கைப்பிடிக் கருவியில் உள்ள குச்சி, கை படாமலே நகர்ந்ததாகக் காட்டும் குறை பற்றி அந்நிறுவனத்தின் தலைவர் 2020இல் பங்குதாரர் கூட்டத்தில் வருத்தம் தெரிவித்தார். ஐரோப்பிய நுகர்வோர் அமைப்புகள் புகார் கொடுத்தபின், 2023இல் அங்கே வாரன்ட்டி முடிந்த பிறகும் இலவசமாகப் பழுதுபார்க்க அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. இவற்றை உங்கள் ஆறுதலுக்காகச் சொல்கிறேனே தவிர, மனுவில் ஒட்டுவதற்காக அன்று. உங்களுடையது வேறு நிறுவனத்தின் வேறு மாதிரி, ஆணையம் ஆராயப்போவது உங்கள் வீட்டுப் பெட்டியை. செய்தித்தாள் துணுக்குகள் அதற்குச் சான்றாகா.

இனி, கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். நீங்கள் அனுப்பிய வரவேற்பறைப் படத்தில் கன்சோல் டிவி மேசையின் கண்ணாடிக் கதவுக்குள், இரண்டு பக்கமும் மரப்பலகை ஒட்டியபடி இருக்கிறது. காற்று வெளியேறச் சுற்றிலும் இடைவெளி வேண்டும் என்று எல்லாக் கன்சோல் கையேடுகளும் சொல்கின்றன. பல கையேடுகளில் இயங்கும் வெப்பநிலை 5 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை என்றும் போட்டிருக்கும். கத்திரி வெயிலில் நம் ஊர் வீட்டுக் கூடம் அதைத் தாண்டிவிடும் என்பதை எதிர்தரப்பு வழக்கறிஞர் நிச்சயம் எடுத்துப் பேசுவார். ஆகவே மே மாதக் கோளாற்றைவிடச் செப்டம்பர் மாதக் கோளாறே உங்களுக்கு வலுவானது. மகன் எடுத்த காணொளி ஒன்றைக் குறிப்பிட்டிருந்தீர்கள்: கன்சோல் தரையில் தனியாக இருக்கிறது, சுவர்க் கடிகாரத்தில் இரவு 9.40, பதினைந்தாவது நிமிடத்தில் விமானம் ஏறுவதுபோல் காற்றாடி இரைந்து திரை கறுக்கிறது. அந்தக் காணொளியை வாட்ஸாப்பில் அனுப்பிச் சுருக்காமல், எடுத்த கைபேசியிலேயே அசல் கோப்பாக வைத்திருங்கள். மின்னணு ஆவணத்தை ஆணையத்தில் சேர்க்கும்போது அதற்குரிய சான்றிதழையும் இணைக்க வேண்டும், அதில் கைபேசியின் விவரம் கேட்கப்படும்.

வாரன்ட்டி முடிந்துவிட்டதா?

முடியவில்லை. மூன்றாவது ஜாப் ஷீட்டில் செப்டம்பர் 29 என்ற தேதி இருக்கிறது. ஓராண்டு நிறைந்தது அக்டோபர் 23 அன்று. வாரன்ட்டிக்குள் ஒப்படைத்த பொருளைத் தன் பட்டறையில் ஆறு வாரம் வைத்திருந்துவிட்டு, அந்த ஆறு வாரத்தில் காலம் கடந்துவிட்டது என்று சொல்ல அவர்களுக்கு இடமில்லை. மாற்றித் தரும் பெட்டிக்கு மீதமுள்ள காலம் அல்லது தொண்ணூறு நாள், இவற்றில் எது அதிகமோ அது என்று பல நிறுவனங்களின் வாரன்ட்டி நிபந்தனையில் இருக்கும். உங்கள் அட்டையிலும் அப்படி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இந்த வாதம் இன்னும் நீளும்.

அதே மூன்றாவது ஜாப் ஷீட்டில் "வெளிப்புறச் சேதம்" என்ற கட்டத்துக்கு எதிரே "இல்லை" என்று அவர்கள் ஊழியரே எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார். எச்டிஎம்ஐ போர்ட் வெளியே, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கும் பாகம். கவுன்ட்டரில் இல்லாத சேதம் ஆறு வாரம் கழித்து இருந்தால், அது யாருடைய பொறுப்பில் இருந்தபோது நேர்ந்தது என்ற கேள்வி எழாமல் போகாது. நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளை, விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்ளும் அளவு கவனத்துடன் பாதுகாக்க வேண்டும் என்று 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் பழையதுதான், ஆனால் சர்வீஸ் சென்டர் வழக்குகளுக்கென்றே எழுதியதுபோல் பொருந்தும். ஐந்நூறு ரூபாய் கைக்கடிகாரத்துக்கும் அது பொருந்தும், உங்கள் கன்சோலுக்கும் பொருந்தும்.

சீல் பற்றியும் ஒரு வார்த்தை. "சீல் கிழிந்தால் வாரன்ட்டி செல்லாது" என்ற ஒட்டுவில்லைகளை எதிர்த்து 2018இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது, அவற்றில் கன்சோல் தயாரிப்பாளர்களும் உண்டு. நம் நாட்டில் அந்த அளவு நேரடியான சட்டம் இல்லை. நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது என்றாலும், அதைக் காட்டி வழக்கில் வென்றுவிட முடியாது. சீல் ஒட்டியது யார், கிழித்தது யார், அந்தக் கிழிசலுக்கும் சூட்டுக்கும் என்ன தொடர்பு என்று உண்மையின் மேல் நின்று வாதிடுவதே உங்களுக்கு நல்லது.

புதிய பெட்டி கிடைக்குமா?

மூன்று முறை பழுதானால் புதியது தந்தே ஆக வேண்டும் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் எங்கும் இல்லை. இதை மிகப் பலர் நம்புகிறார்கள், கடைக்காரர்களே சிலர் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். 2006இல் மாருதி கார் ஒன்றைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், பழுதான பாகத்தை மாற்றிச் சரிசெய்ய முடியும் என்றால் காரையே மாற்றித் தரச் சொல்ல முடியாது, வாரன்ட்டியின் எல்லைக்குள்தான் பொறுப்பு என்று கூறியது. அந்தத் தீர்ப்பை எதிர்தரப்பு கட்டாயம் மேற்கோள் காட்டும். உங்கள் பதில் இப்படி அமைய வேண்டும்: பழுது நீக்க இரண்டு முறை வாய்ப்புக் கொடுத்தேன், அவர்களே மாற்றித் தந்த பெட்டியிலும் அதே கோளாறு வந்தது, மூன்றாம் முறை பழுதுபார்க்கவே மறுத்துவிட்டார்கள், ஆகவே பழுதுபார்ப்பு என்ற பரிகாரம் எனக்கு இல்லாமற்போய்விட்டது. இவ்வாறு நிறுவினால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவின் கீழ் குறையை நீக்கவோ, குறையற்ற வேறு பொருள் தரவோ, விலையை வட்டியுடன் திருப்பித் தரவோ, இழப்பீடு வழங்கவோ ஆணையம் உத்தரவிட முடியும்.

என் யோசனை, விலையைத் திருப்பிக் கேட்பதை முதல் கோரிக்கையாகவும் புதிய பெட்டியை மாற்றுக் கோரிக்கையாகவும் வையுங்கள். தீர்ப்பு வரும் காலத்தில் அந்த மாதிரியே கடையில் இல்லாமற்போகலாம், அப்போது "அதற்கு இணையான மாதிரி" எது என்ற புதுச் சண்டை தொடங்கும்.

"பழைய பெட்டியைத் தலையில் கட்டிவிட்டார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். வாரன்ட்டியில் மாற்றித் தரும்போது புதுப்பித்த பெட்டியைத் தரலாம் என்று பெரும்பாலான நிபந்தனைகளில் சிறிய எழுத்தில் இருக்கும். ஆகவே அதைத் தந்ததே குற்றம் என்று வாதிட்டால் எடுபடாது. சொல்லாமல் தந்தது, மகனின் பதிவுகளை நகலெடுத்துக்கொள்ள வாய்ப்பளிக்காதது ஆகியவை சேவைக் குறைபாடு. அந்த அளவில் நிறுத்துங்கள். காசு கொடுத்து இணையத்தில் வாங்கிய விளையாட்டுகள் கணக்கோடு சேர்ந்தவை, புதிய பெட்டியில் அதே கணக்கில் நுழைந்தால் அவை பொதுவாகத் திரும்பக் கிடைக்கும். சேமித்த பதிவுகள்தான் போயின. தரவு இழப்புக்குப் பொறுப்பில்லை என்ற நிபந்தனையும் அநேகமாக இருக்கும்.

ஐந்து லட்சம் பற்றிய உங்கள் நண்பரின் யோசனையை நான் ஏற்கமாட்டேன். அவர் சொன்ன "தயாரிப்புப் பொறுப்பு" அத்தியாயம் 2019 சட்டத்தில் புதிதாக வந்தது உண்மை. ஆனால் அது, கன்சோல் தீப்பிடித்து ஒருவர் கை வெந்தாலோ வேறு பொருள் எரிந்தாலோ பயன்படும். பழுதான பொருளுக்கே ஏற்பட்ட சேதத்தை அந்த அத்தியாயம் கூறும் தீங்கின் வரையறை வெளிப்படையாக விலக்கிவிடுகிறது. விலை, வட்டி, நான்கு முறை சர்வீஸ் சென்டருக்குச் சென்றுவந்த செலவு, மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, வழக்குச் செலவு என்று கேளுங்கள். 55,000 ரூபாய்ப் பொருளுக்கு ஐந்து லட்சம் கேட்கும் மனுவைப் படிக்கும்போதே ஆணைய உறுப்பினர்களின் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கே, எப்படி, யார்மேல்?

வாரன்ட்டி அட்டையில் வேறு மாநில நகரம் ஒன்றின் நீதிமன்றத்துக்கே அதிகாரம் என்று இருப்பதால் அங்கே அலைய வேண்டுமே என்று அஞ்சுகிறீர்கள். வேண்டாம். புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்று அதே சட்டத்தின் 34ஆம் பிரிவு சொல்கிறது. அட்டையில் அச்சிட்ட வரியால் சட்டம் தந்த உரிமையைப் பறிக்க முடியாது. தகராறுகளை நடுவர் மூலமே தீர்க்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்தின் கதவு அடைபடாது, 2018இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. பொருளுக்குக் கொடுத்த விலை ஐம்பது லட்சத்துக்கு உட்பட்டது என்பதால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமே உங்களுக்கு உரிய இடம். ஐந்து லட்சம் வரை விலையுள்ள பொருளுக்கு மனுக் கட்டணமும் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். (என் தொழிலுக்கு எதிராக நானே எழுதுகிறேன் என்று சக வழக்கறிஞர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நிபுணர் அறிக்கையைக் குறுக்கு விசாரணை செய்யும் கட்டம் வந்தால் ஒருவரை அமர்த்திக்கொள்வது நல்லது.)

பில் மைத்துனர் பெயரில் இருப்பது பெரிய தடையன்று. வாங்கியவரின் சம்மதத்துடன் பொருளைப் பயன்படுத்துபவரையும் சட்டம் நுகர்வோர் என்றே கொள்கிறது. எனினும் மைத்துனரை முதல் புகார்தாரராகவும் உங்களை இரண்டாவதாகவும் சேர்த்துவிடுங்கள். தவணையை நீங்கள் அவருக்கு அனுப்பிய வங்கிப் பதிவுகளையும் வையுங்கள். மகன் தன் விளையாட்டைப் படம்பிடித்து யூடியூபில் போடுகிறான், சிறு தொகை வந்தது, அதனால் "வணிக நோக்கம்" என்று சொல்லிவிடுவார்களோ என்ற கவலையும் வேண்டாம். எந்த நோக்கத்துக்காக முதன்மையாக வாங்கப்பட்டது என்பதே கேள்வி. அது வணிகத்துக்காக என்று நிரூபிக்கும் சுமையும் அப்படிச் சொல்பவர் மேல்தான்.

எதிர்தரப்பினராகக் கடை, சர்வீஸ் சென்டர், இந்தியாவில் அந்தப் பொருளை இறக்குமதி செய்து விற்கும் நிறுவனம் ஆகிய மூவரையும் சேர்க்க வேண்டும். வெளிநாட்டுத் தலைமையகத்தைச் சேர்த்தால் நோட்டீஸை அவர்கள் கையில் சேர்ப்பதிலேயே மாதங்கள் கழியும். "நாங்கள் வெறும் விற்பனையாளர்" என்று கடைக்காரர் கோபப்படுவார். பொறுப்பு யாருடையது என்பதை ஆணையம் பிரித்துக்கொள்ளட்டும்.

தாக்கல் செய்யும் முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள், தமிழிலேயே பேசலாம். அவர்களுக்கு உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது, ஆனால் அங்கிருந்து போகும் புகார், கவுன்ட்டரில் உங்களிடம் பேசியவரைத் தாண்டி, முடிவெடுக்கும் ஒருவரின் மேசைக்குப் போகும். கூடவே மூவருக்கும் பதினைந்து நாள் அவகாசத்துடன் ஒரு நோட்டீஸை ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். இது சட்டப்படி கட்டாயமில்லை. ஆனால் சீரியல் எண் மாறிய விஷயத்தை அந்த நோட்டீஸின் இரண்டாவது பத்தியிலேயே எழுதுங்கள். அந்த ஒரு பத்திக்காகவே அவர்கள் சமரசத்துக்கு வரக்கூடும். வந்தால், புதிய பெட்டியும் அதற்கு முழு ஓராண்டு வாரன்ட்டியும் என்று எழுத்தில் தந்தால், ஏற்றுக்கொள்ளலாம் என்பது என் கருத்து. வழக்கு நடந்தால் மூன்று மாதம், பொருளைச் சோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாதம் என்று சட்டத்தில் இலக்கு வைத்திருக்கிறார்கள். நடைமுறையில் அதைவிட நெடுநாள் ஆகும். எதிர்தரப்பு பதில் மனுவுக்கு முப்பது நாள், அதற்கு மேல் பதினைந்து நாள், அதற்கப்பால் நீட்டிக்க முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு கூறிவிட்டது என்பது ஒரு நிம்மதி. தோற்றவர் 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். பணம் தரச் சொல்லி உத்தரவிடப்பட்டவர் என்றால் அதில் பாதியைக் கட்டிவிட்டே செய்ய வேண்டும். உத்தரவை மதிக்காவிட்டால் 72ஆம் பிரிவில் சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு.

காலவரையறை இரண்டாண்டு. வழக்குக்கான காரணம் நவம்பர் மறுப்பிலிருந்து தொடங்குகிறது என்று வாதிடலாம் என்றாலும், எதிர்தரப்பு முதல் கோளாற்றிலிருந்தே கணக்குப் போடும். 2027 மே மாதத்துக்கு முன் என்பதைக் கடைசிக் கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு நாள் காத்திருக்க எந்தக் காரணமும் இல்லை.

காவல் நிலையமும் முகநூலும்

மோசடிப் புகாருக்கு, வாங்கிய நாளிலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகக் காட்ட வேண்டும். அதற்கு உங்களிடம் எதுவும் இல்லை. காவல் நிலையத்தில் "நுகர்வோர் கோர்ட்டுக்குப் போங்கள்" என்று திருப்பி அனுப்புவார்கள், அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கும்.

சர்வீஸ் சென்டர் ஊழியரின் படத்தையும் கைபேசி எண்ணையும் "திருடன்" என்ற தலைப்புடன் முகநூலில் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்தவுடன் அதை நீக்கிவிடுங்கள். அவதூறு, பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 356ஆம் பிரிவில் குற்றம். பொருளுக்கு என்ன ஆயிற்று, எந்தத் தேதியில் என்ன எழுதிக் கொடுத்தார்கள் என்று நடந்ததை நடந்தபடி எழுத உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் மாதச் சம்பளத்துக்குக் கவுன்ட்டரில் நிற்கும் அந்த இளைஞர்தான் உங்கள் ஜாப் ஷீட்டில் "வெளிப்புறச் சேதம் இல்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டவர். நாளை அவரைச் சாட்சியாக அழைக்க வேண்டி வரலாம். தன்னைத் திருடன் என்று ஊருக்குச் சொன்னவருக்காக அவர் எப்படிச் சாட்சி சொல்வார் என்று யோசித்துப் பாருங்கள்.

நாளை சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது மூன்று ஜாப் ஷீட்டுகளின் நகலை மட்டும் எடுத்துச் செல்லுங்கள், அசல் வீட்டிலேயே இருக்கட்டும். மூன்றாவது தாளில் உள்ள சீரியல் எண்ணும் அவர்கள் கையில் கொடுக்கும் பெட்டியின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று கையெழுத்திடும் முன் பாருங்கள். மாறியிருந்தால் பெட்டியை வாங்காமல், மாறியிருக்கிறது என்பதை மட்டும் அங்கேயே எழுதி வாங்கிக்கொண்டு, அன்றைக்கே எனக்கு மறுபடி எழுதுங்கள்.